பெட்டிக்குள் அடங்காத கார்டு

போன வாரம் தையலம்மாவை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள் வந்தன. படம் அப்படியே நின்றது. பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. ஹெட்செட்டில் அவளுடைய அணிக்காரிகள் மூன்று பேரும் "ஊசி, எங்கே போயிட்டே?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, பதில் சொல்ல வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

முன்கதை தெரியாமல் இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறீர்கள் என்றால், இவ்வளவு தெரிந்தால் போதும். தையலம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வயது நாற்பத்தெட்டு. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. பகலெல்லாம் பள்ளிச் சீருடையும் ஊரார் சட்டையும் தைப்பாள். மாலையில் ஒரு மணி நேரம், அதே அறையின் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரில் கோட்டை காக்கிற ஆட்டம் ஆடுவாள். அங்கே அவள் பெயர் ஊசி.

அந்தக் கம்ப்யூட்டர் மகள் படித்த காலத்தில் ஆட்டம் ஆடுவதற்கென்றே பார்த்துப் பார்த்து வாங்கியது. மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்ததும் ஆட்டத்தை விட்டாள். அம்மா பிடித்துக்கொண்டாள். சில வருஷங்கள் ஆகியும் இந்த விஷயம் குடும்பத்துக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

கருகிப்போனது கிராஃபிக்ஸ் கார்டு என்று மகள் கண்டுபிடித்தாள். மறுநாளே மானிட்டர் வயரை அந்தக் கார்டிலிருந்து பிடுங்கி, பெட்டியின் பின்பக்கம் சற்று மேலே இருந்த இன்னொரு துளையில் செருகிக் காட்டினாள். கார்டு இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும், ஆட்டம்தான் ஓடாது. அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் செய்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து நின்றார் அவளுடைய பெரியப்பா.

தையலம்மாவின் கணவருக்கு அண்ணன். அடுத்த தெருவில் ஹார்டுவேர் கடை. இந்த வீட்டில் யார் என்ன செய்வது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்து வந்தது.

"ஓடுதே," என்றார் அவர். "எனக்கென்ன, ஆட்டமா ஆடப்போறேன்? கடையில பில் போட இது போதும். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்."

"சரிண்ணா," என்றார் கணவர்.

அத்தோடு பேச்சு முடிந்தது. தையலம்மா அங்கேயேதான் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

* * *

"அந்தப் பெட்டி இன்னைக்கு இந்த வாசலைத் தாண்டாது," என்று காலையில் டீயோடு சேர்த்து வைத்தாள் தையலம்மா.

கணவர் வங்கியில் காசாளர். பேச்சையும் நோட்டு மாதிரி எண்ணி எண்ணித்தான் வெளியே விடுவார். கப்பை எடுத்தார், வைத்தார்.

"அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிட்டேனே."

"என்கிட்ட கேட்டீங்களா?"

"சும்மாதானே கிடக்குது."

"ஞாயித்துக்கிழமையில சும்மா கிடக்கறதையெல்லாம் தூக்கிக் குடுக்கணும்னா, முதல்ல உங்களைத்தான் குடுக்கணும்."

உள்ளறையில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. கணவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"வம்பு வேண்டாம்னு பார்க்கறேன்," என்றார்.

"எனக்கு வேணும்."

இதை அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே, பட்டன் நிறம் சொல்வதுபோல் சொன்னாள். கணவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தது மாதிரிதான் இருந்தது. பிறகு கப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். இந்த மனுஷரிடம் இதுதான் தொல்லை, நல்லதோ கெட்டதோ வாயின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அவளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஆட்டம்தானே, ஐம்பதை எட்டப்போகிற பெண்பிள்ளைக்கு வேறு பொழுதுபோக்கா இல்லை என்று அந்த ஹார்டுவேர்க்காரர் கேட்பதுபோலவே கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அவள் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அடுத்தவர் சொன்ன அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறாள். துணியில் மட்டும் சொல்லவில்லை. எந்தப் பள்ளி, எந்த டாக்டர், சுவருக்கு என்ன நிறம், எல்லாமே வேறு யாரோ சொல்ல இவள் தலையாட்டியது. அந்த ஆட்டத்தில் அப்படியில்லை. அங்கே கோட்டைக் கதவு அவள் பொறுப்பு. "இடது பக்கம் விடாதீங்க, டீச்சர் நீ பின்னால வா, மிளகாய் அவசரப்படாதே" என்று அவள் சொன்னால் மூன்று பேர் அந்த நொடியே கேட்பார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன வயது என்று முழுசாகத் தெரியாது. ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், ஒருத்தி வாய்த்துடுக்குக்காக மிளகாய். "ஊசி சொன்னா சரியா இருக்கும்" என்று நர்ஸ் ஒருநாள் சொன்னாள். அந்த வார்த்தையை இந்த வீட்டில் அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அன்றைக்குத் தட்டு கழுவும்போது அவளுக்கு அழுகை வந்தது.

இன்று மாலை ஐந்து மணிக்குப் போட்டியின் கடைசிச் சுற்று. நாலு பேரும் உள்ளே வந்தால்தான் அணிக்குக் கதவு திறக்கும். ஒருத்தி வராவிட்டாலும் மற்ற மூன்று பேரும் வெளியே. போன வாரம் பாதியில் காணாமல் போனவள் இந்த வாரமும் வராவிட்டால், ஊசி என்று ஒருத்தி இருந்தாள் என்பதோடு சரி.

* * *

மதியச் சாப்பாடு முடிந்ததும் மகள் ஒரு பார்சலைக் கொண்டுவந்து வெட்டு மேசைமேல் வைத்தாள்.

"கார்டு," என்றாள். "ஒருத்தர் வெச்சிருந்தது, ரொம்பப் பழசில்லை. நம்ம மதர்போர்டுல சேரும், பவர் சப்ளையும் தாங்கும், நீளமும் சரியா இருக்கும். எல்லாம் பார்த்தாச்சு."

தையலம்மா பார்சலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு பார்த்தா?"

"ஐயோ அம்மா, நேரம் போகுது. ஸ்க்ரூடிரைவர் எங்கே?"

மகள் எப்போது பேச்சை மாற்றுவாள் என்பது பெற்றவளுக்குத் தெரியும். ஆனால் ஸ்க்ரூடிரைவர் தேடுகிற அவசரத்தில் அதை அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மேசைமேல் படுக்க வைத்தார்கள். "முதல்ல இரும்பைத் தொடு, கையில கரண்ட் இருந்தா இறங்கிடும்" என்று மகள் சொல்ல, தையலம்மா பெட்டியின் சட்டத்தைத் தொட்டாள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு இருந்தது. இத்தனை வருஷமாக அவள் வெட்டிய துணியின் தூசும் நூல்பிசிறும் விசிறிகளைச் சுற்றி அடை அடையாக அப்பியிருந்தன. சீருடை நீலம், சட்டை வெள்ளை, லைனிங் துணியின் பழுப்பு என்று நிறம்கூடத் தெரிந்தது. கருகிப்போன கார்டின் விசிறியில் ஒரு சிவப்பு நூல் அச்சைச் சுற்றி இறுகி, அதை அசையவிடாமல் கட்டிப்போட்டிருந்தது.

"ஆட்டம் ஆடி ஆடித்தான் கெட்டுப்போச்சுன்னு சொன்னாரே உங்க பெரியப்பா," என்றாள் தையலம்மா. "தையல்தான் இதைத் தின்னிருக்கு."

தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் சின்ன பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். பழைய கார்டின் ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் மின்சார வயரை உருவி, துளையின் ஓரத்தில் இருந்த சின்னக் கொக்கியை மர ஸ்கேலின் முனையால் அழுத்தினாள். கார்டு கையோடு வந்தது. இதுவரைக்கும் எல்லாம் வெண்ணெயாகப் போனது.

புதுக் கார்டு பழையதைவிடப் பெரிசு, நல்ல கனம். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கினாள். பின்பக்கம் சரியாக உட்காரப் போகிற நேரத்தில் முன்பக்கம் எதிலோ முட்டியது. திருப்பிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெட்டியின் முன்னால் ஹார்ட் டிஸ்குகளை அடுக்கி வைக்க ஒரு தகரக் கூடு உண்டு. அடித்தட்டில் ஒரே ஒரு டிஸ்க் இருந்தது. மேல் தட்டு காலி. அந்தக் காலித் தட்டின் விளிம்பில்தான் கார்டு இடித்துக்கொண்டு நின்றது.

"நீளம் சரியா இருக்கும்னு சொன்னியே."

"பன்னெண்டு இன்ச் இடம் இருக்குன்னு அளந்தாச்சும்மா. கார்டு பதினொன்றரைதான்."

தையலம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பெட்டியின் பின்சுவரிலிருந்து தகரக் கூடு வரைக்கும் பிடித்தாள். பன்னிரண்டு என்று காட்டியது.

மகள் அந்த எண்ணைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

* * *

இந்த டேப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தையலம்மா தொழில் தொடங்கின காலத்து டேப் இது. முனையில் இருந்த தகரப்பூண் எப்போதோ கழன்று விழுந்தது. பிறகு முதல் இன்ச்சும் நைந்து கிழிந்து போனது. இப்போது அந்த டேப் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். யாருக்கு அளவெடுத்தாலும் வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துச் சொல்வாள். வேறு வாங்கலாமே என்று கேட்டால், "இது எவ்வளவு பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும். புதுசு எவ்வளவு சொல்லும்னு யாரு கண்டா" என்பாள்.

ஆகவே பன்னிரண்டு என்றால் பதினொன்று. பதினொன்றரை இன்ச் கார்டு அதில் எங்கே அடங்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், மகளுக்கு இது நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுக்கும் முன்பே, அம்மா மடியில் உட்கார்ந்து அந்த டேப்பில் ஒன்றைக் கழிக்கப் பழகியவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கையில் கொடுத்தாலும் கழித்துத்தான் சொல்வாள்.

தையலம்மா டேப்பைச் சுருட்டினாள்.

"இதை நீ அளக்கலை."

"அம்மா..."

"இந்த வீட்டுல இந்த டேப்பைத் தொடாத ஆளு ஒருத்தர்தான்."

மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சொல்லிவிட்டாள். புதன்கிழமை அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொடுக்கப் போயிருந்த நேரத்தில் அப்பா அவள் வைத்துவிட்டுப் போன டேப்பை எடுத்து, பெட்டியைத் திறந்து அளந்தாராம். மகளுக்கு ஃபோன் போட்டு எந்தக் கார்டு சேரும் என்று கேட்டாராம். வாங்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். "நீ வாங்கினதா சொல்லிடு, அண்ணன் காதுக்குப் போனா மனசு கஷ்டப்படுவாரு" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கணம் தையலம்மாவுக்கு மனசு இளகித்தான் போனது. அந்த மனுஷர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவளுடைய பெட்டிக்குள் தலையை விட்டு அளந்திருக்கிறார். அதை நினைத்தால் யாருக்கும் இளகும். அடுத்த கணமே பற்றிக்கொண்டு வந்தது.

"பொண்டாட்டிக்கு ஒரு சாமான் வாங்கறதுக்கு இவர் திருடன் மாதிரி ஒளிஞ்சு வரணுமா? காலையில அவ்வளவு பேசினேன். ஒரு வார்த்தை சொன்னாரா?"

"அப்பா சுபாவம் தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் எரியுது." கார்டை எடுத்து ஒரு மெத்தைத் துணிமேல் வைத்தாள். "நீ இப்போ ஒரு வேலை செய். உங்க பெரியப்பா கடைக்குப் போய்த் தகரம் வெட்டற கத்தரி ஒண்ணு வாங்கிட்டு வா."

மகள் விழித்தாள். "பெரியப்பா கடைக்கா?"

"ஞாயித்துக்கிழமையில வேற எந்தக் கடை திறந்திருக்கு? என் துணிக் கத்தரியால காகிதம் வெட்டினாலே கையை ஒடிப்பேன்னு உனக்குத் தெரியும். தகரத்துக்கு அதைத் தரமாட்டேன்."

"எதுக்குன்னு கேட்டா?"

"அம்மா கேட்டாங்கன்னு சொல்லு."

* * *

கத்தரி வந்தது. கூடவே கடைக்காரரும் வந்தார். எப்படியும் நாலு மணிக்கு வர இருந்தவர்தான், கொஞ்சம் முன்கூட்டியே கடையின் தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னால் மகள், நான் என்ன செய்ய என்ற முகத்தோடு. சத்தம் கேட்டுக் கணவரும் பின்கட்டிலிருந்து வந்து கதவோரம் நின்றார்.

ஹார்டுவேர்க்காரர் மேசைமேல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"என்னம்மா இது? எடுத்துட்டுப் போகலாம்னு வந்தா, கூறு போட்டு வெச்சிருக்கே."

"எடுத்துட்டுப் போக முடியாது மாமா. இது எனக்கு வேணும்."

இந்த வீட்டில் அவரிடம் முடியாது என்று சொன்ன ஆள் இதுவரை இல்லை. அவர் சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோல் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

"சரின்னு சொன்னீங்களே எல்லாரும்."

"எல்லாரும் சொல்லலை. நான் சொல்லலை. என்னை யாரும் கேக்கவும் இல்லை."

"இதுல கேக்க என்ன இருக்கு? கெட்டுப்போன சாமான். நான் எடுத்துக்கிட்டா உபயோகமா இருக்கும். இந்த வயசுல நீ உக்காந்து டுமீல் டுமீல்னு சுட்டுக்கிட்டு இருந்தா, தெருவுல போறவன் என்ன நினைப்பான்?"

"தெருவுல போறவங்க எல்லாரும் நான் தெச்ச சட்டையைத்தான் போட்டுக்கிட்டுப் போறாங்க. அவங்க எதுவும் நினைக்கலை. நினைக்கறது நீங்க ஒருத்தர்தான்."

மகள் சட்டென்று திரும்பிக்கொண்டு நூல்கண்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த கண்டுகள்தான்.

ஹார்டுவேர்க்காரரின் பார்வை புதுக் கார்டின்மேல் விழுந்தது. "ஓ, புதுசே வாங்கியாச்சா. யாரு வாங்கினது?"

தையலம்மா கணவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும், கெஞ்ச அவளுக்கு இஷ்டமில்லை. பேசினால் பேசட்டும், இல்லையென்றால் இன்றோடு தெரிந்துபோகட்டும் என்று இருந்தாள்.

"யாரு வாங்கினதுன்னு நான் சொல்லப்போறதில்லை மாமா. ஆனா அளந்தவங்க தப்பா அளந்துட்டாங்க. அரை இன்ச் இடிக்குது. என் டேப்புல முதல் இன்ச் கிடையாதுன்னு தெரியாத ஒருத்தர் அளந்திருக்காங்க."

"முதல் இன்ச் கிடையாதா?"

கேட்டது கணவர். கதவோரத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தே விட்டார். இத்தனை வருஷ வேலையில் வங்கிப் பணப்பெட்டியைச் சாத்தும்போது ஒரு ரூபாய் கூடியதுமில்லை குறைந்ததுமில்லை என்று பெயரெடுத்த காசாளர். முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு தடவை அளந்தேனே," என்றார். "ரெண்டு தடவையும் பன்னெண்டு வந்துச்சு."

மகள் நூல்கண்டை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அண்ணனைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் பின்வாங்குகிறவர், இன்று பின்வாங்க இடமில்லாமல் நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"நான்தாண்ணா அளந்தேன். நான்தான் வாங்கினேன்."

"என்கிட்ட சரின்னு சொன்னே?"

"உன்கிட்ட சரின்னு சொல்லிச் சொல்லியே பழகிப்போச்சுண்ணா. நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள வாய் தானா சொல்லிடுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. அது அவ சாமான். அதை எப்படி நான் தூக்கிக் குடுத்தேன்னு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசித் தையலம்மா கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கலங்குவதற்கு இது நேரமில்லை, மணி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கத்தரியைக் குடுங்க மாமா," என்று கையை நீட்டினாள்.

"இது என் கடைச் சாமான்."

"விலையைச் சொல்லிட்டுக் குடுங்க."

ஹார்டுவேர்க்காரர் அசையவில்லை. கணவர்தான் போய் அண்ணன் கையிலிருந்து அதை வாங்கினார். பிடுங்கினார் என்று சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் விட்டுக்கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது.

* * *

"வெட்டு, வெட்டு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஹார்டுவேர்க்காரர். "தகரத்தூள் உள்ள விழுந்தா மொத்தமும் காலி. அப்புறம் பில் போடக்கூட உதவாது. பார்த்துட்டே போறேன்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் தூசு விழாமல் வெட்டுவது தையலம்மாவுக்குப் புதுசில்லை. முதலில் மகளைக் கொண்டு ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தள்ளி வைத்தாள். லைனிங் துணியை மடித்து மதர்போர்டின்மேல் போர்த்தி, நாலு பக்கமும் ஓரம் செருகினாள். கொஞ்ச நேரம் முன்னால் டேப்பைப் பிடித்த இடத்தில், சாக்குக்கட்டியால் கூட்டின்மேல் ஒரு கோடு போட்டாள். அரை இன்ச் போதும் என்றாலும் ஒரு இன்ச்சாகவே போட்டாள்.

"எதுக்கு அவ்வளவு?" என்றார் கணவர்.

"எதையும் இறுக்கிப் பிடிக்கற மாதிரி தைக்கக்கூடாது. மூச்சு விட இடம் வேணும்."

அவர் பெட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் வெட்டினாள். முதல் வெட்டு மட்டும் கை வலித்தது. பிறகு பிடிபட்டுவிட்டது. தகரம் நறுக் நறுக்கென்று விட்டுக்கொடுத்தது. வெட்டின விளிம்பை இடுக்கியால் மடக்கிவிட்டாள். கீழே விழும் குண்டூசிகளைப் பொறுக்க அவள் வைத்திருக்கும் காந்தத்தைத் துணிமேல் ஒரு சுற்றுச் சுற்றினாள். தகரத்தூள் மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. துணியைப் பதமாகச் சுருட்டி எடுத்தாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசில்லை.

ஹார்டுவேர்க்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் சாய்ந்துகொண்டார்.

கார்டு இறங்கியது. டிக் என்று கொக்கி பிடித்த சத்தம் நாலு பேருக்கும் கேட்டது. ஸ்க்ரூவை முடுக்கினாள். டிஸ்க் தன் இடத்துக்குப் போனது. இந்தக் கார்டுக்கு இரண்டு மின்சார வயர் வேண்டும். இரண்டாவது வயர், வாங்கின நாளிலிருந்தே பிரிக்காமல் ஒரு மூலையில் கட்டிப்போட்டுக் கிடந்ததை மகள் தேடிப் பிடித்தாள். பெட்டியை நிமிர்த்தி, வயர்களைச் செருகி, தையலம்மா பொத்தானை அழுத்தினாள்.

விசிறிகள் சுற்றின. கார்டில் சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் கறுப்பு.

"நான் சொல்லலை?" என்று எழுந்தார் ஹார்டுவேர்க்காரர். குரலில் சந்தோஷத்தை மறைக்க அவர் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை. "ஓடிட்டிருந்த கம்ப்யூட்டரை வெட்டிக் கொன்னாச்சு. போதுமா? புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து..."

"இருங்க மாமா," என்றாள் தையலம்மா.

அவர் நிறுத்தினார். அவரே நிறுத்தியதில் அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. மானிட்டர் வயரைக் கையால் பிடித்து, தையலில் விட்ட இடத்தைத் தேடுவதுபோல் அது போகிற வழியே போனாள். மேசை ஓரம், பெட்டியின் பின்பக்கம், மேலே இருந்த துளை. கார்டு இல்லாமல் ஓட்டுவதற்காக மகள் அன்றைக்கு மாற்றிச் செருகிய அதே துளை. புதுக் கார்டு உள்ளே வந்த பிறகும் வயர் பழைய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தையலம்மா அதைப் பிடுங்கிக் கீழே கார்டின் துளையில் அழுத்தினாள்.

திரை வெளுத்தது. அப்புறம் நீலமானது. அப்புறம் மகள் எப்போதோ போட்டு வைத்த மலைப் படம் வந்தது. இத்தனை வருஷமாகப் பார்த்த அதே மலை.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார்டுக்கு வேண்டிய சில்லறை வேலைகளை மகள் மளமளவென்று முடித்து, ஆட்டத்தைத் திறந்துவிட்டாள். ஐந்து அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தையலம்மா ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டினாள். "ஊசி வந்தாச்சு! ஏய், ஊசி வந்தாச்சு!" என்று மிளகாய் கத்துவது அறைக்கே கேட்டது.

ஹார்டுவேர்க்காரர் வாசல் வரைக்கும் போனார். தள்ளுவண்டியின் பிடியில் கை வைத்தார். அங்கேயிருந்து திரும்பினார். இந்தத் தடவை அவர் குரல் உயரவில்லை, அதுதான் கவலையாக இருந்தது.

"ஆடுங்க, நல்லா ஆடுங்க. ஆனா இந்த முன்னறை என் பங்குல வருது. அப்பா போனப்பவே பேசினது. தம்பி தானேன்னு இத்தனை நாள் விட்டு வெச்சிருக்கேன். அதை ரெண்டு பேரும் ஞாபகத்துல வெச்சுக்குங்க."

மகளின் சிரிப்பு நின்றது. தையல் மெஷின், வெட்டு மேசை, சுவரில் வரிசையாகத் தொங்கும் பாதிச் சட்டைகள் என்று எல்லாவற்றையும் தையலம்மா ஒரு முறை பார்த்தாள். இந்த அறை போனால் அவள் பிழைப்பே போகும். அது அண்ணனுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

காதில் டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ஊசி, கதவைத் திறக்கட்டுமா? தயாரா?"

தையலம்மா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்க்கவில்லை. அவள் பக்கம் வந்து, கழுத்தில் கிடந்த டேப்பை மெதுவாக உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். வாசலைப் பார்த்து நின்றார்.

"அப்பா போனப்ப பேசினது எனக்கும் ஞாபகம் இருக்குண்ணா. யார் பங்கு எதுவரைக்கும்னு நாளைக்குக் காலையில நீயும் வா, சேர்ந்தே அளந்துடலாம்," என்றார். பிறகு மனைவியிடம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இந்தத் தடவை ஒண்ணைக் கழிச்சுடறேன்."

அவள் ஹெட்செட்டை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள்.

"தயார்," என்றாள். "திற."